ஃபைட், பேட்டில், வார்: எதை எங்கே போடுவது?



"போர்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மெக்கானிக்கல் பையன் காதில் அது விழுந்தால் "போரும் ஸ்ட்ரோக்கும் எவ்வளவு?" என்பான். ஒட்டன்சத்திரம் பக்கம் இருந்து வரும் பையனுக்கு அது ஆழ்துளைக் கிணறு; "600 அடி போர் போட்டும் தண்ணி வரலைடா" என்று புலம்புவான். அவன் வீட்டு ஆத்தாவுக்கு வைக்கோல் போர். கடைசி பெஞ்சுக்காரனுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பீரியட். வாளும் வேலும் கடைசியாகத்தான் யாருக்காவது ஞாபகம் வரும்!

ஆங்கிலத்தில் கதை தலைகீழ். நாம் "சண்டை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற சமாசாரத்துக்கு அங்கே வார், பேட்டில், ஃபைட், காம்பட், கிளாஷ், ஸ்கஃபிள், பிராவல், ரயட் என்று ஒரு பட்டாளமே நிற்கிறது. அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் "சண்டை, போர், கலகம்" என்று ஒரே பொருள்தான் போட்டிருக்கும். எது கிடைத்தாலும் எடுத்துப் போட்டுவிடலாம் என்று நானும் நினைத்திருந்தேன், ஒரு கடிதம் எழுதும் வரை.

இரண்டாம் ஆண்டில் நடந்தது. ஹாஸ்டல் வாலிபால் கோர்ட்டில் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று ஆரம்பித்து, இரண்டு பேருக்கு இரண்டு பேர், மொத்தம் 4 பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சட்டை கிழிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வாட்ச்மேன் அண்ணன் ஓடிவந்து, நடுவில் புகுந்து, மல்லுக்கட்டிப் பிரித்துவிட்டார். மறுநாள் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள், அதுவும் ஆங்கிலத்தில். எங்கள் அறையில் நான்தான் கொஞ்சம் "இங்கிலீஷ் வரும்" என்று பெயர் வாங்கியவன். நான்கு பேருக்கும் சேர்த்து நானே எழுதினேன். செய்தித்தாளில் பார்த்த கெத்தான வார்த்தை ஒன்று கையில் இருந்தது: ரயட். போட்டேன். அடுத்த வரியில், "வாட்ச்மேன் எங்களோடு போராடிப் பிரித்துவிட்டார்" என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி, "தி வாட்ச்மேன் ஃபாட் வித் அஸ்" என்று எழுதினேன். பிரித்துவிட்டதை எழுத இடம் போதவில்லை. கையெழுத்தும் வாங்கிக் கொடுத்துவிட்டோம்.

மூன்றாம் நாள் அந்த அண்ணன் வேலைக்கு வரவில்லை. காண்ட்ராக்ட் ஆள், "விசாரணை முடியும் வரை வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்களாம். ஹாஸ்டலில் கலவரம் நடந்தது, அதில் வாட்ச்மேனும் மாணவர்களை அடித்தார்: என் கடிதத்தைப் படித்தால் அப்படித்தான் இருந்தது. படித்தவர்கள் மேல் தப்பே இல்லை.

அன்றிலிருந்துதான் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். நம் ஊர்க் கதைகளை வைத்தே சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் அளவு. பஸ் ஜன்னலில் இருந்து நாம் பார்க்கும் திண்டுக்கல் மலைக்கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். 1790 முதல் 1792 வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் திப்பு சுல்தானுக்கும் நடந்தது மூன்றாம் மைசூர்ப் போர். இது வார். ஆண்டுக்கணக்கில் நடப்பது, இரண்டு அரசுகள் மோதுவது, கடைசியில் உடன்படிக்கையில் முடிவது. அந்தப் போருக்குள் கோயம்புத்தூர், திண்டுக்கல், பாலக்காடு என்று ஒரு பக்கமாகப் படையை நடத்திக்கொண்டு போனார்களே, அந்தத் தொடர் நடவடிக்கைக்குப் பெயர் கேம்பைன். 1790 ஆகஸ்டில் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் திண்டுக்கல் கோட்டையைச் சுற்றி வளைத்து பீரங்கி வைத்தார். அது சீஜ், அதாவது முற்றுகை. பிறகு சுவரில் ஏறிப் பிடிக்கப் பார்த்தார்கள், அது அசால்ட். அது பலிக்கவில்லை, மேலே இருந்தவர்கள் விரட்டிவிட்டார்கள். ஆனாலும் அதன்பின் சீக்கிரமே கோட்டை சரணடைந்தது. 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை கம்பெனி கைக்குப் போனது.

பார்த்தீர்களா, ஒன்றுக்குள் ஒன்று. வார் பெரிய டப்பா, அதற்குள் கேம்பைன், அதற்குள் சீஜும் பேட்டிலும், அதற்குள் ஒரு மணி நேர அசால்ட். பேட்டில் என்றால் இரண்டு படைகள் ஓர் இடத்தில், சில மணி நேரமோ சில நாளோ நேருக்கு நேர் நின்று மோதுவது. ஊர்ப்பெயரோடு வரும்: பேட்டில் ஆஃப் பிளாசி, பேட்டில் ஆஃப் வாண்டிவாஷ் (நம் வந்தவாசிதான்). இன்னும் சின்னதாக, ரோந்து போன பத்திருபது பேர் எதிரிகளைக் கண்டு நாலு குண்டு சுட்டுவிட்டுத் திரும்பினால் அது ஸ்கர்மிஷ். "இரண்டாம் உலக பேட்டில்" என்று யாரும் எழுத மாட்டார்கள். "எங்கள் தெருவில் நேற்று வார் நடந்தது" என்பது தமாஷுக்கு மட்டும் சரி.

இந்த மாதிரிக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்புத் தமிழில் படித்துவிட்டு மறந்த புறத்திணையை எடுங்கள். வெட்சி என்றால் எதிரியின் ஆநிரையைக் கவர்ந்து வருவது, ஆங்கிலத்தில் ரெய்டு. கரந்தை அதை மீட்பது. வஞ்சி பகைவன் நாட்டின் மேல் படையெடுத்துப் போவது, இன்வேஷன். உழிஞை கோட்டையை வளைப்பது, நொச்சி உள்ளே இருந்து காப்பது, சீஜும் டிஃபென்ஸும். தும்பை இரு படையும் ஒரு களம் குறித்து நின்று பொருவது. ஆங்கிலத்தில் பிட்ச்டு பேட்டில். வாகை, விக்டரி. தொல்காப்பியர் கரந்தையை வெட்சிக்கு உள்ளேயும் நொச்சியை உழிஞைக்கு உள்ளேயும் வைத்தார். பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை தனித்தனித் திணையாக்கிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ வேறு! மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தபோது கசந்த அந்தப் பட்டியல், ஆங்கிலச் சொற்களுக்கு இவ்வளவு நல்ல சாவியாக இருக்கும் என்று யார் கண்டது?

இதில் ரெய்டு என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். இதன் உயிரே "போய்விட்டுத் திரும்புவது"தான். மாடு பிடிக்கப் போனவன் அங்கேயே தங்க மாட்டான். கபடியில் ரெய்டர் என்கிறோமே, தொட்டுவிட்டு மூச்சு விடாமல் நம் கோட்டுக்கு வந்து சேர வேண்டும். வருமானவரி ரெய்டும் அப்படித்தான், வருவார்கள், எடுப்பார்கள், போவார்கள். இன்வேஷன் என்றால் வந்தவன் இடத்தைப் பிடிக்க வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

பழனி மலையின் பழைய ராஜாவைப் பற்றி ஒரு வார்த்தை. சங்க காலத்தில் இந்தப் பக்கம் ஆவியர் குடி. அந்தக் குடியின் பேகனை நாம் இன்று நினைப்பது எந்தப் பேட்டிலுக்காகவும் இல்லை, மயிலுக்குப் போர்வை கொடுத்ததற்காக. ("போர்வை"யிலும் ஒரு போர் ஒளிந்திருக்கிறது என்று என் நண்பன் சொல்கிறான். அவனை மன்னித்துவிடுங்கள்.)

அடுத்தது பக்கம். அதாவது, யார் பக்கத்தில் நின்று எழுதுகிறோம் என்பது. இதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒட்டன்சத்திரம் தாண்டி விருப்பாட்சி. அங்கே பாளையக்காரராக இருந்தவர் கோபால நாயக்கர். சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் 1772-ல் காளையார்கோவிலில் கொல்லப்பட்ட பிறகு வேலு நாச்சியார் வந்து தங்கியது இந்த விருப்பாட்சியில்தான். 1800-ல் கோபால நாயக்கரும் மற்றப் பாளையக்காரர்களும் கம்பெனிக்கு எதிராக ஒன்றுசேர்ந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதம் கோயம்புத்தூரில் இருந்த கம்பெனிப் படையைத் தாக்கும் முயற்சி தோற்றது. 1801-ல் கோபால நாயக்கர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர்களையும் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள்.

இதை என்னவென்று சொல்வது? கம்பெனிக்காரர்களின் கணக்கில் இது ரெபெல்லியன். ஆளும் அதிகாரம் எங்களுடையது, நீ அதை மீறுகிறாய் என்ற தொனி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வார் என்று சொல்லிவிட்டால் எதிரியும் சமமானவன் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நம்மவர்கள் பாளையக்காரர் போர் என்கிறோம், விடுதலைப் போர் என்கிறோம். வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் 1971-ல் இதைப் பற்றி எழுதிய ஆங்கில நூலின் தலைப்பில் முதலில் ரெபெல்லியனும், அடுத்து முதல் சுதந்திரப் போர் என்பதும் சேர்ந்தே வருகின்றன! ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு சொல், அட்டையிலேயே.

மியூட்டினி இன்னும் குறுகலானது. அது படைக்குள்ளேயே, சிப்பாயோ மாலுமியோ தன் அதிகாரியை எதிர்ப்பது. 1806 ஜூலை 10-ல் வேலூரில் நடந்ததை அவர்கள் மியூட்டினி என்றார்கள். நாம் வேலூர்ப் புரட்சி என்கிறோம். 1857-க்கும் இதே கதைதான். வெளிநாட்டிலும் அப்படித்தான். அமெரிக்கர்கள் "வியட்நாம் வார்" என்று சொல்வதை வியட்நாமில் "அமெரிக்கப் போர்" என்கிறார்கள். எதிராளியின் பெயரைத்தான் போருக்கு வைப்பது வழக்கம் போலும்.

கான்ஃபிளிக்ட் என்ற சொல் யாரையும் புண்படுத்தாத, அலுவலகத்தனமான சொல். 1999-ல் கார்கிலில் நடந்தது நமக்குக் கார்கில் போர். ஆனால் இரு நாடும் முறைப்படி போர் அறிவிக்கவில்லை. அதனால் பல ஆங்கில நூல்களில் கார்கில் கான்ஃபிளிக்ட் என்று பார்ப்பீர்கள்.

இந்தக் கான்ஃபிளிக்டை நம் மலையில் தினமும் பார்க்கிறோம். கொடைக்கானல் டவுனுக்குள்ளேயே காட்டுமாடு நடந்து வரும். கீழ்மலைப் பக்கம் யானை தோட்டத்தில் இறங்கும். இதைத்தான் மனித-வனவிலங்கு மோதல் என்கிறார்கள், ஆங்கிலத்தில் கான்ஃபிளிக்ட். இங்கே ஃபைட் என்று போட்டால் யாரோ காட்டுமாட்டோடு மல்யுத்தம் செய்ததாக ஆகிவிடும். அடிதடியே இல்லாவிட்டாலும் கான்ஃபிளிக்ட் இருக்கலாம். இரண்டு பேருக்கு வேண்டியது ஒன்றாக இருந்து, அது ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்றால் போதும்.

மோதல் என்ற தமிழ்ச் சொல்லிலும் ஒரு வழுக்கல் உண்டு. இரண்டு கோஷ்டி மோதினால் கிளாஷ். பஸ்ஸும் லாரியும் மோதினால் கொலிஷன். வத்தலக்குண்டில் இருந்து ஏறும் மலைப்பாதையில் நடந்த விபத்தைப் பற்றி "பஸ் அண்ட் லாரி கிளாஷ்" என்று ஒரு பயிற்சிக் கட்டுரையில் நானே எழுதியிருக்கிறேன். டிரைவர்கள் இறங்கிக் கட்டிப் புரண்ட மாதிரி இருக்கிறது என்று சார் சிரித்தார். ஆனால் ஒரே நாளில் இரண்டு அரியர் பரீட்சை வந்தால் அது கிளாஷ்தான். நமக்கு இந்த உதாரணம் மறக்காது!

இனி கீழ்த்தளம். நம் ஹாஸ்டல் அளவுச் சண்டைகள். இங்கேதான் தப்பு அதிகம், இங்கேதான் ஆபத்தும் அதிகம்.

வாயோடு நிற்பது குவாரல். எவ்வளவு கத்தினாலும் கை நீளாத வரை அது குவாரல்தான். கத்தல் கூட இல்லாமல் வாய்க்கால், வரப்பு, சம்பளம் என்று உரிமை சம்பந்தமாக நீடிப்பது டிஸ்பியூட். தொழிற்சாலைச் சட்டங்களில் "தொழில் தகராறு" என்று வருவது இதுதான். 1947-ல் வந்த சட்டத்தின் பெயரிலேயே இந்தச் சொல் இருந்தது. நாளைக்கு நாம் வேலைக்குப் போகும் இடத்தில் இதைக் காதால் கேட்போம். தலைமுறை தலைமுறையாகப் பங்காளிகள் முகம் பார்க்காமல் இருப்பது ஃபியூட். சட்டையைப் பிடித்து, தள்ளி, இழுத்து, பெரிய காயமில்லாமல் ஒரு நிமிடத்தில் முடிவது ஸ்கஃபிள். கூட்டமாக, கண்டபடி, டீக்கடை பெஞ்சு பறப்பது பிராவல். ஃபைட் பொதுச்சொல், அடிதடிக்கு எல்லாம் பொருந்தும். சினிமாவில் "மூணு ஃபைட்டு, அஞ்சு பாட்டு" என்று நாம் எண்ணுவதும் சரியான பிரயோகமே. காம்பட் படைவீரர்கள் ஆயுதத்தோடு செய்வது, ஹாஸ்டலுக்கு ஒத்துவராது.

மீதி மூன்று சொற்களில் சட்டம் நிற்கிறது. அசால்ட், அஃப்ரே, ரயட். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் சரி, அதற்கு முந்தைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் சரி, இவற்றுக்குத் தனித்தனி விளக்கம் உண்டு. அசால்ட் என்பதற்கு அடி விழவே வேண்டாம். அடிக்கப் போகிறான் என்று எதிராளி பயப்படும்படி கையை ஓங்கினாலே போதும். ஆனால் வெறும் பேச்சு அசால்ட் ஆகாது. அஃப்ரே என்றால் இரண்டு பேரோ அதற்கு மேலோ பொது இடத்தில் சண்டையிட்டு அமைதியைக் கெடுப்பது. புதிய சட்டத்தில் 194-ஆம் பிரிவு. அதிகபட்சம் ஒரு மாதச் சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரயட் வேறு ரகம். சட்டவிரோதமான கூட்டம் என்று ஆக குறைந்தது 5 பேர் வேண்டும். அந்தக் கூட்டம் ஒரு பொது நோக்கத்துக்காக வன்முறையில் இறங்க வேண்டும். 191-ஆம் பிரிவு, 2 ஆண்டு வரை சிறை. இன்னும் மேலே போனால் 147-ஆம் பிரிவு, அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பது. அங்கேதான் சட்டத்தில் வார் வருகிறது.

எங்கள் கோர்ட்டில் சண்டை போட்டது 4 பேர். நான் எழுதியது ரயட்!

"வித்" விவகாரத்துக்கு வருகிறேன். தமிழில் "அவனோடு சண்டை போட்டேன்" என்றால் அவன் எதிரி. "அவனோடு சேர்ந்து சண்டை போட்டேன்" என்றால் கூட்டாளி. "சேர்ந்து" என்ற ஒரு சொல் காப்பாற்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் "ஃபாட் வித்" இரண்டுக்கும் வரும். "கோபால நாயக்கர் ஃபாட் வித் தி மருது பிரதர்ஸ்" என்று எழுதினால் விவரம் தெரிந்தவர் கூட்டாளி என்று எடுத்துக்கொள்வார். தெரியாதவர் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள் என்று நினைப்பார். எதிரி என்றால் "அகெய்ன்ஸ்ட்" போடுங்கள். கூட்டாளி என்றால் "அலாங்சைடு" போடுங்கள். எதற்காக என்றால் "ஃபார்". எந்தப் பொருளுக்காகப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றால் "ஓவர்": பந்துக்காக நாங்கள் போட்டது "ஃபைட் ஓவர் எ பால்".

வினைச்சொல்லும் அப்படியே. நாம் சண்டை "போடுகிறோம்", தகராறு "பண்ணுகிறோம்", போர் "தொடுக்கிறோம்". தமிழ்ச் சண்டையைக் கீழே போடவும் முடியும், பிடிக்கவும் முடியும்! ஆங்கிலத்தில் வாரை "வேஜ்" பண்ண வேண்டும், பேட்டிலை "ஃபைட்" பண்ண வேண்டும், வலியப் போய் இழுத்தால் "பிக் எ ஃபைட்", குவாரல் என்றால் "ஹேவ் எ குவாரல்". எல்லாவற்றுக்கும் "மேக்" போடும் பழக்கம் எனக்கு இருந்தது, இப்போது பாதி போய்விட்டது.

ஆயுதமே இல்லாத போராட்டத்துக்கு ஸ்டிரகிள். கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001-ல் மூடப்பட்டது நமக்குத் தெரியும். அதில் வேலை பார்த்தவர்கள் நியாயம் கேட்டு நடத்தியது வருடக்கணக்கான ஸ்டிரகிள். 2016-ல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு ஓர் உடன்பாடு வந்தது. அவர்களுக்காக ஊர் ஊராகவும் பாட்டாகவும் வீடியோவாகவும் விஷயத்தைக் கொண்டுபோனது கேம்பைன். ஆமாம், ஸ்டூவர்ட் படை நடத்திய அதே கேம்பைன்தான். தேர்தல் பிரசாரத்துக்கும் அதே சொல். தமிழில் "போராட்டம்" என்று ஒரே பெயரில் சொன்னாலும், ஒரு நாள் கொடி பிடித்து நின்றால் அது புரொடெஸ்ட், 15 வருடம் விடாமல் நின்றால் ஸ்டிரகிள். இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? எங்கள் ஆங்கில விரிவுரையாளர் தற்செயலாக அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ரயட்னு எழுதியிருக்க. எத்தனை பேருடா?"

"நாலு பேரு சார்."

"வாட்ச்மேன் யாரை அடிச்சாரு?"

"அடிக்கலை சார். அவருதான் சார் விலக்கிவிட்டாரு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் எழுத எழுத அவர் திருத்தவும் இல்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் "நெஜமா இதுதான் நடந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். ஸ்கஃபிள் என்ற சொல்லை அன்றுதான் கற்றேன். ஃபாட் வித் போய், "செபரேட்டட்" வந்தது. மொத்தம் 5 வரி. நான்கு பேரும் மறுபடி கையெழுத்துப் போட்டோம். தவறாக எழுதியது நான்தான் என்று கீழே தனியாக ஒரு வரி எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன்.

பதினோராவது நாள் அண்ணன் வேலைக்குத் திரும்பினார். அந்தப் பத்து நாள் கூலியை நாங்கள் அறை அறையாக வசூல் பண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். முதலில் வேண்டாம் என்றார். பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட நாள் நெருங்கிவிட்டது என்று அவர் வீட்டு அக்கா சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார். அப்புறம் ஒரு நாள் இரவு கேட்டில் உட்கார்ந்திருந்தபோது, "அப்படி என்னதான் தம்பி எழுதுன அதுல?" என்று கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"ஏந்தம்பி, அதைத் தமிழ்லயே எழுதிக் குடுத்திருக்கக் கூடாதா?" என்றார்.

"ஆங்கிலத்துலதான் கேட்டாங்கண்ணே" என்றேன்.